சூடு ஆறாமல் சேர வேண்டிய ரத்தம்

மார்கழி மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் தளிப் பக்கம் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது. வெள்ளையாக உறைந்து அடியில் உட்கார்ந்திருக்கும். அடுப்படியில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிப் பழையபடி ஓடும். என் ரத்தத்திலும் அப்படி ஒரு பொருள் இருந்தது. கிரையோகுளோபுலின் என்று பெயர். நோயை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற புரதத்திலேயே கோளாறான ஒரு வகை அது. உடம்புச் சூடான 37 டிகிரியில் கரைந்தே இருக்கும், அதற்குக் கீழே போனால் திரண்டு படியும், திரும்பச் சூடாக்கினால் கரையும். இந்தப் புரதம் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் போய்த் தங்கி, குழாயின் சுவரைப் புண்ணாக்குகிறது. அங்கிருந்து ரத்தம் கசிந்து தோலில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிகிறது. இந்த நோய்க்குக் கிரையோகுளோபுலினீமியா என்று பெயர்.

நோயைவிட என்னை அதிகம் அலையவைத்தது ஒரு ரத்தப் பரிசோதனை. எடுத்த விதம் தப்பாகி, இருக்கிற நோயை இல்லை என்று சொல்லி, எட்டு மாதத்தை விழுங்கிவிட்டது. இன்னொருவருக்கு அந்த எட்டு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பதினோரு வருடம் ரோஜாத் தோட்டத்தில் கிரேடிங் வேலை பார்த்தவள். எனக்கு டாக்டர்கள் சொன்னதையும், நான் செய்து பார்த்ததையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் காலைப் பாருங்கள்

எனக்கு வந்தது ஜனவரிக் கடைசியில். பிப்ரவரி 14க்கு வெளிநாட்டுக்குப் பூ அனுப்புகிற சீசன் அது. தாஜ்மஹால் ரோஜா வந்து குவியும். காம்பை அளந்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றி, பக்கெட்டோடு கோல்டு ரூமுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். உள்ளே 2 முதல் 4 டிகிரிதான் இருக்கும். பத்து பன்னிரண்டு மணி நேரம் ஈரத் தரையில் நின்றே வேலை. ஒரு நாள் ராத்திரி கம்பூட்ஸைக் கழற்றினால், கணுக்காலில் இருந்து கெண்டைக்கால் வரை கேழ்வரகு இறைத்த மாதிரி சிவப்புப் புள்ளி.

காணாக்கடி என்றார் மாமியார். அக்கி என்றார் பக்கத்து வீட்டு அக்கா, குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். போய் எழுதிக்கொண்டும் வந்தேன். பத்து நாளில் புள்ளி மங்கியது, அக்கி இறங்கிவிட்டது என்று நம்பினேன். அடுத்த மாதம் மறுபடி வந்தது. இந்தப் புள்ளிகள் தானாகவே வந்து தானாகவே மங்கும் குணம் உள்ளவை. அதனால் அந்த நேரத்தில் எதைத் தடவினாலும் அதுதான் குணப்படுத்தியது போலத் தோன்றும். இது எல்லோரையும் ஏமாற்றும் இடம், கவனமாக இருங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தைப் புள்ளி மேல் வைத்து அழுத்துங்கள். அலர்ஜித் தடிப்பாக இருந்தால் அழுத்தும்போது சிவப்பு வெளுத்துவிடும். ரத்தம் கசிந்த புள்ளியாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் நிறம் போகாது. விரலால் தடவினால் லேசாக மேடு தட்டும். அரிப்பைவிட எரிச்சலும் குத்தலும்தான் அதிகம். போன பிறகு அந்த இடம் பழுப்பாகக் கறைபட்டுத் தங்கும். என் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இன்றைக்கும் துருப்பிடித்த நிறம்தான்.

அழுத்தியும் வெளுக்காத புள்ளி என்றாலே இந்த நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெங்குவில் தட்டணு குறைந்தாலும் அப்படி வரும், சில மாத்திரைகளாலும் வரும். காய்ச்சலோடு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இல்லாமல், மாதக்கணக்கில், கால்களில் மட்டும் வந்து வந்து போனால், அதோடு மூட்டு வலியும் உடம்பைத் தூக்கவே முடியாத அசதியும் சேர்ந்தால், டாக்டரிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் தோல் டாக்டரிடம் புள்ளியை மட்டும் காட்டினேன், மூட்டு டாக்டரிடம் வலியை மட்டும் சொன்னேன், அசதியை யாரிடமும் சொல்லவில்லை. வேலை செய்கிற பொம்பளைக்கு அசதி இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். புள்ளி, மூட்டு வலி, அசதி என்ற இந்த மூன்றும் ஒன்றாக வருவதை 1966லேயே டாக்டர்கள் இந்த நோயின் அடையாளமாக எழுதிவைத்திருக்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

புள்ளி இருக்கிறபோது போனில் படம் எடுத்துவையுங்கள். நமக்கு டாக்டரைப் பார்க்க நாள் கிடைப்பதற்குள் அது மங்கிவிடும். படத்தில் ஒரு பேனாவையோ ஐந்து ரூபாய்க் காசையோ பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும். தோலில் இருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம் என்று டாக்டர் சொன்னால் பயப்படாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள், எனக்கு இரண்டு தையல். புதிதாக வந்த புள்ளியில் எடுத்தால்தான் சரியாகத் தெரியும், அதனால் எந்தப் புள்ளி புதிது என்று நீங்களே காட்டுங்கள்.

ரத்தம் கொடுப்பது எப்படி

முதலில் என்ன தப்பு நடந்தது என்று சொல்கிறேன். ஒரு டாக்டர் சந்தேகப்பட்டுக் கிரையோகுளோபுலின் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். பக்கத்து டவுனில் ரத்தம் சேகரிக்கிற ஒரு சென்டரில் கொடுத்தேன். அந்தப் பையன் நல்ல பையன், வலிக்காமல் எடுத்தான். எடுத்த குழாயை மற்றவர்கள் குழாயோடு ஐஸ் பெட்டியில் வைத்தான். பெட்டி வண்டியேறிப் பெரிய ஊருக்குப் போனது. நான்கு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: இல்லை.

உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு இதில் எண்ணெயே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும், அதுதான் நடந்தது. குளிர்ந்ததும் அந்தப் புரதம் திரண்டு ரத்தக் கட்டியோடு அடியில் போய்விட்டது. மேலே தெளிந்த நீரை, அதாவது சீரத்தை மட்டும் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். கட்டியோடு புரதத்தையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். ரிப்போர்ட்டை நம்பிச் சந்தேகத்தைக் கைவிட்டார்கள். என் ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர் அதிகமாக இருந்ததால் முடக்குவாதம் என்று பெயர் வைத்து வலி மாத்திரை கொடுத்தார்கள். இந்த நோயிலும் ஆர்.ஏ. ஃபாக்டர் ஏறும். அது எனக்குத் தெரியாது. சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடிய நோயை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

வேலூரில் ஒரு இளம் டாக்டரம்மாதான் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் மேசை மேல் பரப்பிப் பார்த்தார். ரத்தத்தில் இருக்கிற சி4 என்ற எதிர்ப்புப் புரதம் மிகவும் குறைந்திருந்தது, இந்த நோயில் அது குறையும். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “ரத்தம் எடுத்த குழாயை எதுல வெச்சாங்கம்மா?”

ஐஸ் பெட்டியில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இனி சரியாகச் செய்கிற விதம். இந்தப் பரிசோதனைக்கு மட்டும், வீட்டுக்கு வந்து எடுப்பவரிடமோ சேகரிப்பு சென்டரிலோ கொடுக்காதீர்கள். சோதிக்கிற லேப் எங்கே இருக்கிறதோ அங்கே நீங்களே நேரில் போங்கள். நம் மாவட்டத்தில் இருந்து பஸ் ஏறிப் போக வேண்டி வந்தாலும் போங்கள். ரத்தம் பயணம் செய்யக் கூடாது, ஆள் பயணம் செய்யலாம். போவதற்கு முன் லேபுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்டது இப்படி:

“கிரையோகுளோபுலின் டெஸ்ட் உங்க லேப்லயே பண்றீங்களா, வெளிய அனுப்புறீங்களா?”

“சிரிஞ்சும் குழாயும் முன்னாடியே சூடாக்கி வெப்பீங்களா?”

“எடுத்ததும் 37 டிகிரில வெக்கிற வசதி இருக்கா? சீரம் பிரிக்கிற வரைக்கும் அதே சூட்டுல இருக்குமா?”

“ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாள் வெச்சுப் பார்ப்பீங்க?”

போன் எடுக்கிறவருக்குத் தெரியவில்லை என்றால் சங்கடப்படாமல், லேபுக்குள் வேலை செய்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர் கேள்வியைக் கேட்டதுமே புரிந்துகொள்வார். எனக்குப் பேசியவர், “நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வாங்கக்கா, நான் வாட்டர் பாத் போட்டு வெக்கிறேன்” என்றார். வாட்டர் பாத் என்பது ஒரே சூட்டில் வைத்திருக்கிற தண்ணீர்த் தொட்டி. அந்த ஒரு வாக்கியத்திலேயே சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது. வெறும் வயிறு ஏன் என்றால், சாப்பிட்ட கொழுப்பு சீரத்தைக் கலங்கலாக்கிவிடும், படிவது எது கொழுப்பு எது என்று குழப்பும்.

அங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கை சில்லென்று இருந்ததால் முதலில் வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். குழாய்களை வெதுவெதுப்பான இடத்தில் இருந்து எடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாய் இதற்கு ஆகாது, மருந்து இல்லாத குழாய் வேண்டும். வழக்கத்தைவிட ரத்தம் கூடுதலாகவே எடுப்பார்கள், பத்து மில்லிக்கு மேல். ஊசியை எடுத்த அடுத்த நிமிடம் குழாய்கள் 37 டிகிரித் தண்ணீருக்குள் போய்விட்டன. ஒரு மணி நேரம் போல அங்கேயே இருந்து ரத்தம் தானாக உறைந்தது. பிறகு சூடு குறையாமலே மெஷினில் சுழற்றிச் சீரத்தைப் பிரித்தார்கள். இதுவரைக்கும் சூடுதான் காவல். பிரித்த பிறகுதான் அந்தச் சீரத்தை 4 டிகிரியில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

அதற்கப்புறம் பொறுமை வேண்டும். சிலருக்கு ஒரே நாளில் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். சிலருக்கு ஏழு நாள் ஆகும். அதனால் மறுநாளே இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், ஏழு நாள் வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். எனக்கு மூன்றாம் நாள் படிந்தது. படிந்ததைச் சூடாக்கினார்கள், கரைந்தது. குளிரில் படிந்து சூட்டில் கரைந்தால்தான் அது கிரையோகுளோபுலின். குழாயில் எவ்வளவு உயரம் படிந்தது என்று சதவீதக் கணக்கில் கொடுப்பார்கள், அதற்குக் கிரையோகிரிட் என்று பெயர். அந்த எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள். ஆனால் எண் குறைவு என்பதால் நோய் லேசு என்று நினைக்க வேண்டாம். எண் கொஞ்சமாக இருந்து சிறுநீரகம் அதிகம் கெட்டவர்களும் உண்டு என்று டாக்டரம்மா சொன்னார்.

ஒன்றுக்கு இரண்டு தடவை நன்றாக எடுத்தும் இல்லை என்று வந்து, அடையாளங்கள் மட்டும் போகாமல் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். தப்பில்லை.

என்ன வகை, எதனால் வந்தது

குளிரில் உறையும் ரத்தப் புரதத்தை 1933ல் அமெரிக்காவில் விண்ட்ரோப், ப்யூல் என்ற இருவர் ஒரு புற்றுநோயாளியிடம் முதலில் பார்த்தார்கள். கிரையோகுளோபுலின் என்ற பெயர் 1947ல் வந்தது. 1974ல் இருந்து மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையில் ஒரே அச்சில் வார்த்த ஒரே புரதம் மட்டும் இருக்கும். அது மல்டிபிள் மைலோமா போன்ற ரத்தப் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ காரணமாக வருவது, எலும்பு மஜ்ஜை வரைக்கும் பார்க்கச் சொல்வார்கள். காது மடல், மூக்கு நுனி, விரல் நுனி குளிரில் நீலமாகிக் கருப்பது இந்த வகையில்தான் அதிகம். இரண்டாவதும் மூன்றாவதும் கலப்பு வகை. அவற்றுக்குப் பெரும்பாலும் கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் சி வைரஸ் காரணம். ஷோக்ரன், லூபஸ் மாதிரி உடம்பு தன்னையே எதிர்க்கிற நோய்களாலும் வரலாம்.

எனக்கு இரண்டாம் வகை. ஹெபடைட்டிஸ் சி இருந்தது. கேட்டதும் தலை சுற்றியது. நான் என்ன தப்பு செய்தேன் என்று அழுதேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?” என்று கேட்டார். 1998ல் என் பெரியவன் பிறந்தபோது இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989ல்தான். நம் நாட்டில் தானம் கொடுக்கிற ரத்தத்தில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்ற விதி 2001ல்தான் வந்தது. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் யாராக இருந்தாலும், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஒரு தடவை இந்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். என் வயதுப் பெண்கள், பிரசவத்தில் ரத்தம் ஏற்றியவர்கள், நம் ஊரிலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள். உங்கள் அம்மாவிடம், அத்தையிடம் கேளுங்கள்.

தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் களி சாப்பிட்டாலும் ஒட்டாது. ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால்தான் பரவும். சவர பிளேடு, நகவெட்டி, ஊசி, பச்சை குத்துகிற ஊசி இவற்றைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி நான் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்துவைத்தாள். அவள்மேல் கோபம் இல்லை, அவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நானே உட்கார்ந்து சொன்னேன்.

இதற்கு மாத்திரை உண்டு. 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகள் வழியாக இலவசமாகவே தருகிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய் ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை என்று கேளுங்கள். முதலில் ஒரு பரிசோதனை, அதில் இருப்பதாக வந்தால் வைரஸ் இப்போதும் ரத்தத்தில் ஓடுகிறதா என்று இன்னொரு பரிசோதனை. அப்புறம் தினமும் மாத்திரை, எனக்கு பன்னிரண்டு வாரம். ஆரம்பிக்கும் முன் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். அது மறைந்திருந்தால் இந்தச் சிகிச்சையில் தலைதூக்கும். மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்ததில் எனக்கு வைரஸ் இல்லை என்று வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வைரஸ் போன அன்றே புரதம் போய்விடாது. எனக்குப் புள்ளி குறைந்து நிற்கவே ஏழு மாதம் ஆனது. சிலருக்கு வருடக்கணக்கில் கொஞ்சம் தங்கும். சிறுநீரகமோ நரம்போ அடிபட்டிருந்தால் ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் ஊசி, மிக மோசமான நிலையில் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவது என்று டாக்டர்கள் அடுத்த கட்டம் போவார்கள். மெடிக்கல் ஷாப்பில் தோல் நோய்க்கு என்று கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். புள்ளியை மறைத்துவிட்டு உள்ளே நோயை வளரவிடும்.

குளிரோடு இருப்பது

தளியை லிட்டில் இங்கிலாந்து என்று சொல்வார்கள். வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த குளிர் எனக்குப் பகையானது. அம்மா வீடு பாலக்கோட்டில். நம் மேட்டை விட அங்கே வெயில் அதிகம், அதனால் மார்கழி, தை இரண்டு மாதமும் அங்கேயே வந்து இரு என்றாள் அம்மா. ஒரு வருடம் போனேன். அங்கேயும் புள்ளி வந்தது! தக்காளி மண்டியில் தம்பிக்கு உதவியாக நாள் முழுக்க நின்றிருந்தேன். அப்போதுதான் விளங்கியது, எனக்கு இருக்கிற கலப்பு வகையில் குளிரைவிட நிற்பது மோசம். முதல் வகைக்காரர்களுக்குக் குளிர்தான் பெரிய எதிரி. உங்களுக்கு எது என்று நோட்டு போட்டுப் பாருங்கள். புள்ளி வந்த தேதி, அன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றேன், எங்கே இருந்தேன் என்று இரண்டு வரி போதும். மூன்று மாதத்தில் உங்கள் உடம்பே சொல்லிவிடும்.

நான் கோல்டு ரூமை விட்டுவிட்டேன். முதலாளியிடம் டாக்டர் சீட்டைக் காட்டி நர்சரிப் பக்கம் மாற்றிக் கேட்டேன், மாற்றினார். உட்கார்ந்து செய்யும் வேலை. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைப்பேன். ராத்திரி காலுக்குக் கீழே இரண்டு தலையணை.

குளிர்ந்த பிறகு சூடேற்றுவதைவிடக் குளிராமல் பார்த்துக்கொள்வதுதான் சுலபம். எழுந்ததும் பாயிலேயே சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் தரையில் கால் வைப்பேன். உள்ளே பருத்தி சாக்ஸ், மேலே கம்பளி. எலாஸ்டிக் இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ் ஆகாது, கோடு விழுந்த இடத்தில் புள்ளி வரும். காதையும் மூக்கையும் மூடுகிற மாதிரி மப்ளர். விடியக்காலையில் தொட்டித் தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினேன். அப்போதே மோட்டார் போட்டு போரில் இருந்து எடுக்கிற தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும், அதில் வேலை முடிப்பேன். ஃப்ரிட்ஜில் இருந்து மாவுப் பாத்திரம் எடுக்கக் கைத்துணி. ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டில் உட்காருவதில்லை. குளிர் அதிகமான பெட்டமுகிலாளம் மலையில் ஒரு கல்யாணத்துக்குத் தை மாதம் கூப்பிட்டார்கள், மொய்யை மட்டும் கொடுத்தனுப்பினேன். மனசு கஷ்டம்தான்.

இதை மட்டும் நன்றாகக் கேளுங்கள்: குளிர்ந்த காலை அடுப்பிலோ குப்பை கொளுத்திய நெருப்பிலோ காட்டாதீர்கள். இந்த நோயில் கால் நரம்பு மரத்துப்போகும், சுடுவது தெரியாது. வெந்நீர்ப் பையை வெறும் காலில் வைத்து எனக்குக் கொப்புளம் வந்து, அது புண்ணாகி ஆற நான்கு மாதம் பிடித்தது. கணுக்கால் புண் இந்த நோயில் சீக்கிரம் ஆறாது. தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், இல்லை வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போக வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு மெத்தென்று இருக்கும். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். தோல் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாம், புண் மேல் தடவக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் புண்ணில் அப்ப வேண்டாம்.

பிரஷர் மாதா மாதம் பார்க்க வேண்டும், சிறுநீரகம் கெட்டால் அது ஏறும். எங்கள் ஊருக்கு மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வருகிறார். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அவரிடம் பார்த்துக்கொண்டு நோட்டில் எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிறுநீரில் புரதமும் ரத்தமும் போகிறதா என்று பார்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் பரிசோதனையும் எடுக்கிறேன். சாப்பாட்டில் பெரிய பத்தியம் இல்லை. களி, கீரை, கொள்ளு ரசம் எல்லாம் சாப்பிடுகிறேன். உப்பையும் ஊறுகாயையும் குறைத்தேன்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள் இவை. காலையில் முகமும் கண்ணும் வீங்கினால், சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால், நுரை நிற்காமல் இருந்தால், அளவு குறைந்தால். விரல் நுனி கருத்தால். நடக்கும்போது பாதம் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டால். பொறுக்க முடியாத வயிற்று வலி, மூச்சுத் திணறல் வந்தால். முதல் வகைக்காரர்களுக்குக் கண் மங்கி, தலை வலித்து, மூக்கில் ரத்தம் வந்தால் ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அதில் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது.

ஆபரேஷன், பிரசவம், ஸ்கேன் என்று எதற்குப் போனாலும் ஏ.சி. அறைக்குள் போகும் முன் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த குளுக்கோஸ் பாட்டிலை அப்படியே ஏற்றக் கூடாது. நாம் மயக்கத்தில் இருந்தால் யார் சொல்வது? அதனால் நான் ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஆதார் அட்டையோடு பர்ஸில் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் போனிலும் அதன் படம் இருக்கிறது. அதில் இருப்பது இவ்வளவுதான், வேண்டுமானால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்:

“எனக்குக் கலப்பு கிரையோகுளோபுலினீமியா உள்ளது. ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை முடிந்தது. ஏற்றும் திரவமும் ரத்தமும் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். ஆபரேஷன் அறையில் என்னைப் போர்த்திவையுங்கள். கிரையோகுளோபுலின் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தால் 37 டிகிரியில் வையுங்கள். ஐஸில் வைக்காதீர்கள்.”